மரை பொருந்த வேண்டும்

மேலநீலிதநல்லூர், சங்கரன்கோவில் பக்கத்துப் பழைய வீடுகளில் சட்டம் போட்டு மாட்டிய கருப்பு வெள்ளைக் குழுப் படங்களைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். கடைசி வரிசையில் நிற்பவரின் மீசை முடிகூடத் தனித்தனியாகத் தெரியும். பெரிய பிளேட், நல்ல லென்ஸ் என்று காரணம் சொல்வார்கள். உண்மைதான். படமெடுத்த நொடியில் கேமராவின் மேல் யார் கையும் படவில்லை என்பதும் அதே அளவு முக்கியமான காரணம். ஸ்டாண்ட் கேமராவில் துருத்தியை நீட்ட நீட்ட, முன்பலகை லேசான தொடுதலுக்கும் ஆடும். விரலால் ஷட்டரைத் தட்டினால் மீசை கலங்கிவிடும்.

1858இல் புகைப்படக்காரர் லினியஸ் டிரைப் மதுரையைப் படமெடுத்த காலத்தில் இந்தக் கவலை இல்லை. லென்ஸ் மூடியைக் கழற்றி, நேரம் கணக்கிட்டு, மறுபடி மூடினால் போதும். பிளேட்டின் வேகம் கூடிய பிறகு கை அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. இங்கிலாந்தின் தார்ன்டன்-பிக்கார்ட் நிறுவனம் சுருள்திரை ஷட்டர் செய்தது. ரப்பர் பந்தை அமுக்கினால் குழாய் வழியே காற்று போய்த் திரையை விடுவிக்கும். பிறகு வந்தது உறைக்குள் ஓடும் கம்பி. 1896இல் பௌடன் காப்புரிமை பெற்ற, சைக்கிள் பிரேக்கில் நாம் பார்க்கிற அதே கம்பிதான் கேமராவுக்கு ஏற்ற அளவில் மெலிந்து கேபிள் ரிலீஸ் ஆயிற்று.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மேற்கே ஆலப்புழையில் 1940களில் கருணாகரன் என்பவர் தேக்கும் பித்தளையும் கொண்டு வாகீஸ்வரி கேமராவைச் செய்யத் தொடங்கினார். இசைக்கருவிகளைப் பழுதுபார்த்த குடும்பம் அவருடையது. கிழிந்த கேமராத் துருத்தி ஒன்று அங்கே பழுதுக்கு வந்ததுதான் ஆரம்பம். இப்படிப்பட்ட மரக் கேமராக்களின் அழகே முன்பலகையில் எந்த நாட்டு லென்ஸையும் மாட்டிக்கொள்ளலாம் என்பது. சிக்கலும் அங்கேதான். பெட்டி ஒரு ஊர், ஷட்டர் ஒரு ஊர். கம்பி மட்டும் காணாமல் போயிருக்கும்.

மியூனிக்கின் டெக்கல் நிறுவனம் 1912இல் கொண்டுவந்த காம்பர் ஷட்டர் கையில் இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. அதிலுள்ள, நுனி நோக்கிக் கூம்பும் மரைதான் பிற்காலத்தில் பொதுவழக்கானது. இன்று கடையில் கிடைக்கிற கம்பியும் அதில் ஏறும். கோடாக்கின் பழைய ஷட்டர்கள் சிலவற்றுக்கு மரை வேறு. அதனால்தான் அந்த நிறுவனம் தன் கம்பிகளுக்கு எண் போட்டு விற்றது. ஏறாத மரையைத் திருகி ஏற்றவே கூடாது. பித்தளை மரை ஒருமுறை தேய்ந்தால் கடைசல் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

மரை சேர்ந்தால் மட்டும் போதாது. கம்பியின் முள் எவ்வளவு வெளியே வருகிறது என்று பார்க்க வேண்டும். கோப்பால் (Copal) 3 போன்ற பெரிய ஷட்டர்கள் நீண்ட முள் கேட்கும். குட்டை முள் நெம்புகோலைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடும். அளவுக்கு மீறி நீண்டால் உள்ளே இருப்பதை வளைத்துவிடும். மாட்டுவதற்கு முன் வெளியிலேயே அமுக்கி, முள்ளை அளந்துகொள்வது நல்ல பழக்கம்.

காற்றில் இயங்கும் பேக்கார்ட் வகை ஷட்டருக்குச் சிலர் ரத்த அழுத்தக் கருவியின் பந்தை மாட்டுவார்கள். சரிவராது, அதன் வால்வு காற்றைத் திரும்ப வாங்காது. காது கழுவும் ஒற்றைத் துளை ரப்பர் பந்துதான் சரி.

கம்பிகளில் துணி சுற்றியதே மேல். நீளமாக, தொய்வாக, வளைந்து தொங்க வேண்டும். இழுத்துப் பிடித்தால் கை நடுக்கம் அப்படியே லென்ஸுக்குப் போகும். நல்ல கம்பியைக் கட்டைவிரலால் மெல்ல அமுக்கும்போது முதலில் ஒரு தடை வரும். அங்கே நிறுத்தி, எதிரே நிற்பவர்களின் முகத்தைப் பார்த்து, பிறகு மீதியை அமுக்கலாம். இந்த இரண்டு நிலைக்கும் நடுவில்தான் படம்பிடிப்பவரின் கலை இருக்கிறது.

புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழக ஸ்டூடியோக்களின் பழைய படங்களைத் தேடி மின்னாக்கம் செய்திருக்கிறது. படங்களுக்குக் கிடைத்த அந்த அக்கறை கருவிகளுக்கும் வேண்டும். மூடிய ஸ்டூடியோவைக் காலி செய்பவர்கள் லென்ஸையும் ஷட்டரையும் பிரிக்காமல், அவற்றோடு கிடக்கும் கம்பியையும் ரப்பர் குழாயையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.