பூட்டு நல்ல பூட்டுத்தான், சாவி எங்கே?

போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் நடப்பதை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். முன்பு குரல் கொடுத்துக் கேட்ட விலையை இன்று வியாபாரிகள் கணினியின் முன் அமர்ந்து, விசையை அழுத்திக் கேட்கின்றனர். 2021-ஆம் ஆண்டில் ஸ்பைசஸ் போர்டு, போடியையும் மலைக்கு மேலே கேரளத்தில் உள்ள புற்றடியையும் ஒரே மின்னணு ஏலத்தில் இணைத்தது. யார் என்ன விலை கேட்டார், யாருக்கு எவ்வளவு பணம் சேர வேண்டும் என்பனவெல்லாம் இப்போது பேரேட்டில் இல்லை. ஏதோ ஒரு சர்வரின் வட்டில் உள்ளன. கம்பத்துத் திராட்சை விவசாயி சங்கத்தில் வாங்கிய கடனும், தேனியில் ஒருவர் கொடுத்த இரத்தப் பரிசோதனையின் முடிவும் அப்படியே.

இவற்றைக் காப்பதற்கென்று 'தானே மறைகுறியாக்கம் செய்துகொள்ளும் வட்டு' என்று ஒரு பொருள் விற்கப்படுகிறது. அதன் விளம்பரத் தாளில் 'ஏஇஎஸ் 256' என்ற எழுத்துகள் பெரிதாக இருக்கும். அந்தத் தாளைப் பற்றித்தான் இங்கே குறை சொல்லப் போகிறேன்.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஏஇஎஸ் என்பது நல்ல பூட்டு. பெல்ஜியத்தைச் சேர்ந்த டேமன், ரைமன் என்ற இருவர் வகுத்த இம்முறையை அமெரிக்கத் தர நிறுவனம் 2001-இல் ஏற்றுக்கொண்டது. அன்று முதல் உலகத்தின் கணித அறிஞர்கள் இதைக் குடைந்து பார்த்து வருகின்றனர்; நடைமுறையில் உடைத்தவர் இல்லை. 256 பிட் சாவிக்கு எத்தனை வடிவங்கள் இருக்கலாம் தெரியுமா? அந்த எண்ணை எழுத 78 இலக்கங்கள் வேண்டும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது மனிதரால் ஆகாது, இயந்திரத்தாலும் ஆகாது. திருடன் அந்த வழியாக வரவே மாட்டான். சாவி எங்கே தொங்குகிறது என்றுதான் பார்ப்பான். கெர்க்காஃப்ஸ் என்பவர் 1883-லேயே இதைக் கூறிவிட்டார்: பூட்டின் அமைப்பு பகைவனுக்குத் தெரிந்தாலும் கேடில்லை, சாவி மட்டும் தெரியக்கூடாது. அப்படியானால், வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வியும் சாவியைப் பற்றியதே. விளம்பரத் தாளோ பூட்டைப் பற்றியே பேசுகிறது!

இந்த வட்டுக்குள் இரண்டு சாவிகள் உண்டு. ஒன்று, தரவைப் பூட்டும் சாவி. அது வட்டுக்குள்ளேயே பிறந்து வட்டுக்குள்ளேயே இருப்பது. மற்றொன்று, அந்தச் சாவியை வைத்திருக்கும் சிறு பெட்டியின் சாவி. இது வெளியிலிருந்து வரவேண்டும். எதற்கு இத்தனை சுற்று என்று நீங்கள் கேட்கலாம். வெளிச்சாவியை மாற்ற நேர்ந்தால் வட்டு முழுவதையும் மீண்டும் எழுத வேண்டியதில்லை. சிறு பெட்டியை மட்டும் மாற்றிப் பூட்டினால் போதும். வட்டைக் கழித்துப் போடும்போது உட்சாவியை அழித்துவிட்டால், உள்ளே இருப்பது அத்தனையும் ஒரு நொடியில் பொருளற்ற குப்பையாகிவிடும். அழகான ஏற்பாடு. உட்சாவி உண்மையிலேயே வெளிச்சாவியால் பூட்டப்பட்டிருந்தால்!

அந்த 'இருந்தால்' என்ற சொல்லை நெதர்லாந்தின் ராட்பவுடு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மையர், வான் காஸ்டல் என்ற இரு ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தனர். 2018 நவம்பரில் முடிவு வெளிவந்தது. குருசியல், சாம்சங் நிறுவனங்களின் சில எஸ்எஸ்டி வட்டுகளை அவர்கள் பிரித்து ஆராய்ந்தனர். சிலவற்றில் பயனர் தரும் கடவுச்சொல்லுக்கும் தரவைப் பூட்டிய சாவிக்கும் தொடர்பே இல்லை என்று தெரிந்தது. வட்டின் உள்மென்பொருள் கடவுச்சொல்லைப் பார்த்து 'சரி', 'தவறு' என்று சொல்வதோடு சரி. 'தவறு' என்று சொல்லும் இடத்தில் 'சரி' என்று மாற்றி எழுதினால் வட்டு திறந்துகொண்டது. வாசலில் காவல்காரரை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தே போட்டிருந்தால் எப்படியோ, அப்படித்தான். வட்டே பூட்டுகிறதே என்று நம்பித் தன் வேலையை அதனிடம் விட்டிருந்த விண்டோஸின் பிட்லாக்கரும் இதனால் ஏமாந்தது. 2019-இல் மைக்ரோசாஃப்ட் அந்த நம்பிக்கையைக் கைவிட்டு, இயல்பாகவே மென்பொருள் வழியில் பூட்டும்படி மாற்றியது.

அவர்கள் சோதித்தவை வீட்டுக் கணினிக்கான வட்டுகள். சர்வர் வட்டுகள் எல்லாம் அப்படி என்று இதைக் கொண்டு முடிவுகட்டுவது நேர்மையாகாது. ஆனால் அந்த வட்டுகளின் தாளிலும் 'ஏஇஎஸ் 256' என்றுதான் போட்டிருந்தது என்பதை மறக்க வேண்டாம்.

சர்வரில் பல வட்டுகளை ஒன்றாகக் கட்டி மேய்ப்பது கண்ட்ரோலர் என்னும் கட்டுப்பாட்டு அட்டை. வெளிச்சாவியைக் கொடுப்பதும் அதுவே. டெல் நிறுவனத்தின் பெர்க், எச்பிஇ நிறுவனத்தின் ஸ்மார்ட் அரே ஆகிய அட்டைகளில் இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. முதல் வழியில் சாவி அட்டைக்குள்ளேயே இருக்கும். இரண்டாவது வழியில் சாவி வேறொரு கணினியில் இருக்கும். சர்வர் விழிக்கும்போது வலைப்பின்னல் வழியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும். இந்த உரையாடலுக்கென்றே கேஎம்ஐபி என்ற பொது நெறிமுறை 2010-இல் வகுக்கப்பட்டது.

முதல் வழியின் குறை உங்களுக்கே புலப்பட்டிருக்கும். வட்டை மட்டும் உருவிக்கொண்டு போனவனுக்கு ஒன்றும் கிடைக்காது. பெட்டியையே தூக்கிக்கொண்டு போனவனுக்கு? மின்சாரம் கொடுத்தால் போதும். தொடக்கத்திலேயே கடவுச்சொல் கேட்கும்படி அமைத்திருந்தாலொழிய, அட்டை தன்னிடமுள்ள சாவியைத் தானே நீட்டிவிடும். வங்கி லாக்கரில் உங்களிடம் ஒரு சாவியும் வங்கியிடம் ஒரு சாவியும் இருப்பது ஏன் என்று எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது வழிக்கு நம் பள்ளத்தாக்கைவிட நல்ல உவமை கிடைக்காது. 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணை இருப்பது கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில். அதை இயக்குவோர் தமிழ்நாட்டின் பொறியாளர்கள். பெட்டி ஓரிடம், திறக்கும் உரிமை வேறிடத்தாரிடம். ஆனால் இவ்வமைப்பின் மறுபக்கத்தையும் கம்பத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜூனில் மதகு திறந்தால்தான் இங்குள்ள 14,707 ஏக்கர் இருபோக நிலத்தில் முதல் போகம். திறக்கத் தாமதமானால் நாற்றங்காலும் காத்திருக்க வேண்டியதுதான். சாவிக் கணினியும் அப்படியே. அதனோடு தொடர்பு அறுந்திருக்கும் வேளையில் மின்சாரம் போய் வந்து சர்வர் மீண்டும் தொடங்கினால், வட்டு திறக்காது.

ஆகவே, எல்லோரும் வெளிச் சாவிக் கணினியே வைக்க வேண்டும் என்று பெருநகர நிபுணர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. சின்னமனூரில் ஒரே சர்வர் வைத்திருக்கும் ஒரு மருத்துவமனையை எண்ணிக்கொள்ளுங்கள். அங்கே நேரக்கூடிய கேடு பெரும்பாலும் யாது? பழுதான வட்டு ஒன்று உத்தரவாதத்தின் பேரில் கம்பெனிக்குத் திரும்பிப் போகும். அல்லது பழைய இரும்புக் கடைக்குப் போகும். இந்தக் கேட்டுக்கு அட்டைக்குள் இருக்கும் சாவியே போதுமானது. அங்கே உண்மையான அபாயம் வேறு: அந்த அட்டை ஒருநாள் எரிந்துபோகும். புதிய அட்டையைப் பொருத்தினால், முன்பு கொடுத்த சாவிச்சொல்லை அது கேட்கும். அதை அமைத்துக் கொடுத்தவர் வேலையை விட்டுப் போய் மூன்று ஆண்டுகள் ஆகியிருக்கும். காப்புப் பிரதியும் இல்லையென்றால், அந்த 78 இலக்க எண் இப்போது திருடனுக்கு எதிராக அன்று, மருத்துவமனைக்கு எதிராக நிற்கும்.

சட்டமாவது இதைக் கேட்கிறதா? 2023-இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், காவல் ஏற்பாட்டில் தவறுவோருக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. 2025 நவம்பரில் வந்த விதிகள் மறைகுறியாக்கத்தைக் காவல் ஏற்பாடுகளில் ஒன்றாகச் சொல்கின்றன. அந்த வரியில் பூட்டு இருக்கிறது, சாவி இல்லை. சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்தவரும், அதற்கென்று தனியாக ஒரு கணினி வைத்தவரும் 'பூட்டியிருக்கிறேன்' என்று ஒன்றுபோலவே எழுதிக் கொடுக்கலாம். இதைப் பெரிய குறை என்றே கருதுகிறேன்.

இன்னொன்றையும் விளம்பரத் தாள் சொல்வதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் வட்டு திறந்தே இருக்கிறது. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் ஐந்து சர்வர்களுக்குள் புகுந்தவர்கள், ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவைத் தாங்களே மறைகுறியாக்கம் செய்துவிட்டுப் போயினர். அத்தகைய தாக்குதலை வட்டுப் பூட்டு தடுக்காது. பூட்டும் கலை அதேதான்; சாவி மட்டும் பகைவன் கையில். எய்ம்ஸைக் காப்பாற்றியது வேறொரு சர்வரில் இருந்த காப்புப் பிரதி.

உங்கள் ஊர்ச் சங்கத்திலோ பள்ளியிலோ இத்தகைய சர்வர் இருந்தால், எத்தனை பிட் என்று கேட்டுக்கொண்டிராதீர்கள். சாவிச்சொல் எந்த உறையில், யாருடைய பெட்டகத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். இரண்டாவது உறை வேறு ஊரில் இருக்கிறதா என்றும், அதைப் பிரித்து ஒருமுறையேனும் வட்டைத் திறந்து பார்த்ததுண்டா என்றும் கேளுங்கள்.