பூனையும் பொற்சிலையும்

2025 மார்ச்சுத் திங்கள். ஆஸ்கார் மேடை. சிறந்த அசைவூட்டப் படம் எது என்ற கேள்வி. சுமார் 20 கோடி டாலரை விழுங்கி வளர்ந்த 'இன்சைட் அவுட் 2' போட்டியில் நின்றது. கோடிகளுக்குக் குறைவில்லாத 'தி வைல்டு ரோபோ'வும் நின்றது. பரிசை எடுத்துச் சென்றதோ ஒரு பூனை! 20 இலட்சம் மக்கள்கூட இல்லாத லாட்வியா நாட்டுப் பூனை. படத்தின் பெயர் 'ஃப்ளோ'. செலவு ஏறத்தாழ 35 இலட்சம் யூரோ.

எளியது வென்றது என்று கைதட்டிவிட்டு எழுந்துவிடலாமா? கூடாது தோழர்களே! எப்படி வென்றது என்று கேட்க வேண்டாமா?

வழக்கமான முறையில், ஒளி எங்கே விழுகிறது, எங்கே சிதறுகிறது என்று கணிப்பொறி கணக்கிட்டு ஒரே ஒரு படத்தைத் தீட்ட மணிக்கணக்காகும். ஒரு வினாடிக்கு இத்தகைய படங்கள் 24 வேண்டும். ஆகவே நூற்றுக்கணக்கான பொறிகள் இரவு பகலாய் உழைக்கும் கூடங்கள் தேவை. கூடம் எழுப்பப் பணமூட்டை தேவை. 'ஃப்ளோ'வின் இயக்குநர் கின்ட்ஸ் சில்பலோடிஸ் கையில் எடுத்தது 'பிளெண்டர்' என்னும் மென்பொருள். 2002-இல் உலகெங்குமுள்ள பயனாளர்கள் ஏழே வாரங்களில் ஒரு இலட்சம் யூரோ திரட்டி, அதை எல்லார்க்கும் பொதுவுடைமை ஆக்கினர். 2019-இல் அதனோடு 'ஈவீ' என்னும் பகுதி சேர்ந்தது. கணிப்பொறி விளையாட்டில் காண்பதுபோல், மாற்றியதை உடனுக்குடன் கண்முன் காட்டும் பகுதி அது. இறுதிப் படங்கள் இயக்குநரின் சொந்தக் கணிப்பொறியிலேயே வினாடிக் கணக்கில் உருவாயின.

மலிவு மட்டுமா இதன் பயன்? காட்டை முதலில் எழுப்பிவிட்டு, காமிராவை உள்ளே விட்டு அலைந்து பார்த்திருக்கிறார் அந்த இளைஞர். பிடிக்கவில்லையா, கலைத்துவிட்டு மறுபடி! தவறு செய்யும் உரிமை - அது இதுநாள்வரை செல்வர் வீட்டுச் சொத்தாக இருந்தது. வெட்டின்றி நிமிடக்கணக்கில் நீளும் காட்சிகளில், வெள்ளத்தில் தத்தளிக்கும் பூனையின் பின்னால் நாமும் மூச்சுத் திணறி நீந்துகிறோமே, அந்தத் துணிவு இங்கிருந்து பிறந்தது.

படத்தில் ஒரு சொல்லும் பேசப்படவில்லை. பூனை பூனையாகவே மிரளுகிறது. மினுக்கும் பொருள்களைக் கூடையில் குவித்துக் கட்டிக்கொண்டு அழும் லெமூரைக் கண்டபோது, நமக்குத் தெரிந்த சில பெரிய மனிதர்கள் நினைவுக்கு வந்தார்கள், போகட்டும். சோம்பேறிக் கேப்பிபாராவுக்குக் குரல் தந்தது ஓர் ஒட்டகக் குட்டியாம்!

குறையும் உண்டு. நாயின் உடல் சில இடங்களில் பூசிய சுவர்போல் இருக்கிறது. அதைப் பாணி என்று சொல்லி மழுப்ப நமக்கு மனமில்லை. பறவை ஒளியில் கரைந்து வானேறும் காட்சியில் கதை தன் காரணத்தைக் கைவிட்டு மூடுபனிக்குள் ஒளிந்துகொள்கிறது. அதுவரை ஒவ்வொரு துன்பத்துக்கும் வெள்ளம் என்ற கண்கண்ட காரணம் இருந்ததால், இந்த நழுவல் உறுத்துகிறது.

"மென்பொருள் இலவசம் என்றால் நானும் படம் எடுக்கலாமா, ஐயா?" என்று நம் மாணவன் ஒருவன் கேட்டான். எடுக்கலாம் தம்பி என்றோம். முழு உண்மையையும் சொன்னோம். சில்பலோடிஸ் 2019-இல் வெளிவந்த 'அவே' படத்தை, இசை உட்பட, தனியொருவராய் மூன்றரை ஆண்டு உழைத்து முடித்தவர். 'ஃப்ளோ'வுக்கோ ஐந்தரை ஆண்டு. பிரான்சிலும் பெல்ஜியத்திலும் துணைக் கலைஞர்கள். லாட்வியாவின் தேசியத் திரைப்பட மையம் தந்த பொதுப்பணம். கருவி இலவசம், ஐந்தாண்டுச் சோறு இலவசமன்று. அந்தச் சோற்றுக்கு ஒரு சிறு நாடு வழி செய்தது என்பதைப் பரிசுச் செய்தி எழுதிய பலர் ஒரு வரியில் கடந்துவிட்டார்கள்.

பையன் முகம் வாடவில்லை. நான்கு நாள் கழித்து வந்தான். அண்ணனுடைய பழைய கணிப்பொறியில் ஒரு பூனை செய்தானாம். கால்கள் நான்கும் பின்னோக்கி நடந்தனவாம். அழித்துவிட்டு மறுபடி தொடங்கியிருக்கிறான்.