காப்பு: சொற்பொருளாராய்ச்சி

புதுவையினின்றும் விழுப்புரஞ் செல்லும் பெருவழியில் உள்ளது திருவடுகூர். இந்நாளில் திருவாண்டார்கோயில் என வழங்கும். ஆளுடைய பிள்ளையாரது பதிகம் பெற்ற இத்திருப்பதியில் வடுகபைரவர் வழிபட்டனர் என்பது தலவரலாறு. சிவாலயங்கள் பலவற்றில் இரவுப் பூசை முடிந்தபின் கதவைத் திருக்காப்பிட்டுத் திறவுகோலைப் பைரவர் திருமுன் வைத்தல் மரபு. பிள்ளையார் திருப்பதிகங்களோ திருக்கடைக்காப்பு எனப் பெயர் பெற்றன. கதவடைத்தற்கும் பதிகத்துக்கும் ஒரு சொல்லே பொதுவாயினமையின், அச்சொல்லின் பொருளை ஆராய்தல் தகும்.

காப்பு என்பது கா என்னும் பகுதியும், பு என்னும் தொழிற்பெயர் விகுதியும், இடையே சந்தியாய பகரவொற்றும் பெற்று முடிந்த சொல். அது தொழிலாகுபெயராய்த் திருநீற்றையும், விழாத் தொடக்கத்துக் கட்டும் மங்கல நாணையும், கையணியையும், நூன்முகத்துக் கடவுள் வாழ்த்தையும், பிள்ளைத்தமிழின் முதற் பருவத்தையும் உணர்த்தும். இவை யாவும் இடையூறு வாராமற் காக்கும் கருத்தின. இதுகொண்டு, காத்தலாவது துன்பம் அணுகாது விலக்குதல் ஒன்றே என்பாரும் உளர். அவர், இறைவன் காப்பவனாயின் உயிர்கள் துன்புறுதல் என்னை எனக் கடாவுவர்.

அவர் கூற்றுப் பொருந்தாது, என்னை? அடக்கமுடைமையில் நாவைக் காத்தலையும், வெகுளாமையிற் சினங்காத்தலையும் கூறினார் திருவள்ளுவர். ஆண்டுக் காத்தல் அடக்குதலாம். பயிர் காப்பான் வேலி கோலுதலோடு அமையான். நீர் பாய்ச்சி, களைகட்டு, விளையுங்காறும் பேணுவான். ஒருவர் வரவு நோக்கியிருத்தலையும் காத்திருத்தல் என்றே உலகோர் வழங்குவர். ஆகவே விலக்கல், அடக்கல், பேணல், பொறுத்திருத்தல் என்னும் நான்கும் இப்பகுதிக்கண் அடங்குவனவாம்.

இனி, ஐந்தொழிலுட் காத்தலாவது உயிர்களை அவ்வவற்றின் வினைப்பயனை நுகரச் செய்தல் என்பது சிவஞானசித்தியாரிற் காணப்படும் அருணந்தி சிவாசாரியர் துணிபு. நுகர்ந்தாலன்றி வினை கழியாது. மலம் பரிபாகமுற்றாலன்றி அருள் பதியாது. முதிராக் காயைப் பறிப்பவன் தோட்டங் காப்பவன் ஆகான். இறைவன் உயிரின் பக்குவம் நோக்கிப் பொறுத்திருத்தலும் காத்தலே. எனவே, துன்பநுகர்ச்சி அவன் காவலுக்குப் புறம்பன்று.

அற்றேல், துன்புறுவானை நோக்கி நின் வினையென்று கூறி வாளா நீங்குதல் அமையுமோ எனின், அமையாது. திருவீழிமிழலையிற் பஞ்சம் நேர்ந்தகாலைப் பிள்ளையாரும் நாவுக்கரசரும் இறைவன்பாற் படிக்காசு பெற்று அடியார்க்கு அமுதளித்தமை பெரியபுராணத்தால் அறியப்படும். பசித்தார்க்கு உணவிடுவார் கையும் அவன் காக்குங் கருவியேயாம்.

இரவில் இட்ட திருக்காப்பு வைகறையில் நீங்கும். அடைத்தலும் திறத்தற்பொருட்டே என்று அறிக.

திருச்சிற்றம்பலம்