கூட்டிய தெருவும் கூட்டியவர் இல்லாத படமும்

இந்தத் தொகுப்பில் கடல் குறைவு. 366 படங்களையும் மேசையில் பரப்பி எண்ணிப் பார்த்தேன். கடலையே பொருளாகக் கொண்டவை 31தான். அவற்றிலும் பாதிக்கு மேல் முதல் இரண்டு மாதங்களோடு முடிந்துவிடுகின்றன. மாலைதீவில் ஒரு வருஷம் இருந்தவர் எடுத்த படங்கள் இவை என்றால் நம்ப ஆளில்லை. நீலத் தண்ணீர், தண்ணீருக்கு மேல் கட்டிய மரக்குடில், கையில் இளநீரோடு ஒரு வெள்ளைக்கார ஜோடி என்று விளம்பரக்காரர்கள் நமக்குப் பழக்கிவைத்த மாலைதீவு வேறு. இது ஒரு கணித ஆசிரியரின் மாலைதீவு. கறுப்புப் பிளாஸ்டிக் மழைநீர்த் தாங்கி, கொடியில் காயும் ஒரே சேட்டு, நேராகச் சுற்றாத மின்விசிறி, ரோஷியும் மஸ் ஹூனியும் வைத்த பீங்கான், திருத்தி முடியாத கொப்பிக் கட்டு.

எடுத்தவர் அம்பாறை மாவட்டத்துக் கரையோர ஊரொன்றைச் சேர்ந்தவர். பெயர் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "எண்ட பேரெப் போட்டா பொறகு உங்கட வாசல் மிதிக்க மாட்டன்" என்றார். சரி, போடவில்லை. 2016ஆம் ஆண்டு முழுவதும், நாளுக்கு ஒன்று என்று போன் கெமராவில் எடுத்திருக்கிறார். தனக்குத் தானே விதித்துக்கொண்ட சட்டம் மூன்று: அன்றைய படம் அன்றே எடுக்கவேண்டும், பிறகு மாற்றக் கூடாது, கீழே ஒரு வரிக்கு மேல் எழுதக் கூடாது. அன்றன்று வட்ஸ்அப்பில் நாலைந்து கூட்டாளிமாருக்கு அனுப்புவார். இப்போது எல்லாவற்றையும் அச்செடுத்து மூன்று பிரதிகள் கட்டி வைத்திருக்கிறார். அதில் ஒன்றுதான் என் மேசையில் கிடப்பது. கடையில் கிடைக்காத ஒரு தொகுப்புக்கு எதற்கு விமர்சனம் என்று யாராவது கேட்கலாம். நமது கையெழுத்துப் பிரதிகளைப் பற்றி எழுதுகிறோம்தானே, அதுபோல இது.

நாளுக்கொரு படம் என்பது புதிய சங்கதி அல்ல. நியூயோர்க்கில் ஜேமி லிவிங்ஸ்டன் என்பவர் 1979 மார்ச் 31 தொடக்கம், தான் இறந்த 1997 ஒக்டோபர் 25 வரை பொலரொய்ட் கெமராவால் இப்படி எடுத்து வந்தார். கடைசிப் படங்கள் அவருடைய நோயைப் பற்றியவை. பொஸ்டனில் கார்ல் பேடன் 1987 பெப்ரவரி 23 முதல் தினமும் தன் முகத்தை மட்டும் எடுத்து வருகிறார், ஒரே கோணத்தில், ஒரே பாவனையில். இருவருக்கும் பொருள் காலந்தான். முகம் முதிர்வதை, ஒரு வாழ்வு கழிவதை அவர்கள் படம் பிடித்தார்கள். நம்மவரின் தொகுப்பில் அவர் முகம் ஒரு தடவைகூட வரவில்லை. நிழல் மட்டும் நான்கு இடங்களில் மணலில் விழுந்து கிடக்கிறது, அதுவும் அவர் அறியாமல் விழுந்ததுபோலத்தான் தெரிகிறது. சொந்த ஊரில் இருந்துகொண்டு நாளை எண்ணுகிறவனும், ஒப்பந்தத்தில் போய் நாளை எண்ணுகிறவனும் ஒன்றல்ல. ஒப்பந்தக்காரன் எண்ணுவதில் லீவுக்கு எத்தனை நாள் என்ற கணக்கு எப்போதும் உள்ளுக்குள் ஓடும். 2016 லீப் வருஷம். பெப்ரவரி 29ஆம் திகதிப் படத்துக்குக் கீழே, "ஒரு நாள் சும்மா கூடிட்டு" என்று எழுதியிருக்கிறார்.

முதல் நாற்பது படங்கள் சாதாரணமானவை. தோணி, அந்தி, வெள்ளை மணல், தென்னை. ஊரார் பார்த்து "மாஷா அல்லாஹ், என்ன அழகு" என்று பதில் போட எடுத்தவை என்று தெரிகிறது. 41ஆவது நாளில்தான் தொகுப்பு தொடங்குகிறது என்பேன். அன்றைய வரி: "இண்டைக்கு எடுக்க ஒண்டுமில்ல." படத்தில் இருப்பது அறைக் கதவின் பின்புறம். ஓர் ஆணி, ஆணியில் ஒரு தொப்பி, ஒரு சாவி. அழகு தீர்ந்துபோன பிறகும் சட்டம் தீராததால் அவர் பார்க்கத் தொடங்கிவிட்டார். தினசரிப் படத்துக்கென்று ஏதும் மகிமை இருந்தால் அது இந்தச் சலிப்பில்தான் இருக்கிறது. நல்ல படம் கிடைக்கும் நாளில் மட்டும் எடுப்பவனுக்கு இந்தக் கதவு அகப்பட்டிருக்காது.

மாலைதீவில் சம்பளத்துக்கு இருந்துகொண்டு அங்குள்ள அன்றாடத்தைப் பதிவு செய்த வெளியூர்க்காரர்களில் நமக்குத் தெரிந்த மூத்தவர் இப்னு பதூதா. 1343இன் கடைசியில் போய்ச் சேர்ந்து, அடுத்த வருஷம் அங்கே காழியாக இருந்து, மனம் கசந்து புறப்பட்டு, நம் நாட்டுக்கு வந்து பாவாதமலை ஏறியவர். அங்கத்தைய தென்னை, மீன், கயிறு, வீட்டுக்குள் நுழையுமுன் கால் கழுவ வாசலில் வைத்திருக்கும் தண்ணீர், கூட்டித் துப்புரவாகக் கிடக்கும் தெருக்கள், எல்லாம் அவருடைய பயண நூலில் உண்டு. கூடவே அதிகாரியின் கண்ணும் உண்டு. பெண்களின் உடுப்பைத் திருத்தப் பார்த்து முடியாமல் போனதை அவரே சொல்கிறார். சட்டம் போடப் போனவருக்கு ஊர் எப்போதும் குறையுள்ளதாகத்தான் தெரியும்.

கூட்டிய தெரு இந்தத் தொகுப்பிலும் வருகிறது, பதினொரு தடவை. எழுநூறு வருஷத்துக்குப் பிறகும் அதே தெருவா என்று ஒரு கணம் நெஞ்சு சிலிர்க்கிறது. ஸுபஹுக்குப் பிறகு ஈர்க்கு விளக்குமாற்றால் பெண்கள் கூட்டிவிட்டுப் போன பவள மணல், அதில் விசிறி விசிறியாக விழுந்த கோடுகள். பாடசாலைக்குப் போகும் வழியில், யாரும் மிதிக்குமுன் எடுத்திருக்கிறார். தொகுப்பின் ஆகச் சிறந்த படங்கள் இவைதான். ஆனால் கூட்டியவர்கள் ஒன்றிலும் இல்லை. பதினொன்றிலும் இல்லை. விளக்குமாறு மதிலில் சாய்ந்திருக்கிறது, சிறங்கையளவு குப்பை குவிந்திருக்கிறது, ஆள் இல்லை. கேட்டேன். "பொம்புளயள எப்பிடிச் சேர் எடுக்கிற? நான் அங்க வெளியாள்தானே" என்றார். அவர் சொல்வது நியாயம். ஒரு தீவுக்கு வந்த வெளியூர் ஆண், கையில் கெமரா, அதிகாலை. எடுத்திருந்தால் அடுத்த நாள் பெட்டி கட்டவேண்டி வந்திருக்கும், கட்டுவதும் முறைதான். இருந்தும் இந்த அடக்கம் தொகுப்பிலிருந்து பாதித் தீவைக் கழித்துவிட்டது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. பெண்கள் இங்கே தாங்கள் செய்த வேலையாக மட்டும் இருக்கிறார்கள்: கூட்டிய தெருவாக, காய்ந்த துணியாக, அடுத்த வீட்டிலிருந்து மூடி வந்த பீங்கானாக. நோன்பு மாதத்தில் இந்த மூடிய பீங்கான் ஒன்பது தடவை வருகிறது. அனுப்பிய கையை நாம் பார்ப்பதேயில்லை.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்று நடந்திருக்கிறது. 70ஆவது நாள் வரை மாணவர் முகங்கள் தாராளமாக வருகின்றன. அதன் பிறகு இல்லை. ஒரு மாணவனின் தாய், தன் மகனின் படம் யார் யாரிடம் போகிறது என்று கேட்டாராம். அவரிடம் பதில் இருக்கவில்லை. அன்றோடு முகங்களை நிறுத்திவிட்டார். என் கையிலுள்ள பிரதியில் பழைய முகங்களும் மறைக்கப்பட்டே அச்சாகியிருக்கின்றன. இந்தத் தடை அவருக்கு வாய்ப்பாகவே அமைந்துவிட்டது. முகம் போன பிறகு கைகள் வருகின்றன. கவராயத்தைத் தலைகீழாகப் பிடித்த கை, விரல்விட்டு எண்ணும் கை, விடையை மறைக்கும் கை. வாசலில் கழற்றிய முப்பது சோடிச் செருப்பு. ஒரு படத்தில் வெண்பலகையில் திவெஹி எண்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்: எகெ, தே, தினெ, ஹதரெ, ஃபஹெ. கீழே, "எக்க, தெக்க, துன, ஹதர, பஹ படிச்ச எனக்கு இதென்ன பெரிய வேலையா?" என்ற வரி. சிங்களம் தெரிந்த தமிழ்ப் பேச்சுக்காரன் ஒருவன் திவெஹிக்குள் நுழையும் வாசலை இந்த ஒரு வரி காட்டிவிடுகிறது. கருவாடாகக் காயும் சூரை மீன் படத்துக்குக் கீழே எழுதியதும் அப்படித்தான்: "உம்மாட சம்பல் இஞ்சதான் பொறக்குது." மாசியை வாங்கத் தெரிந்த நமக்கு அது காயும் முற்றம் தெரியாது.

222ஆவது நாள், ஓகஸ்ட் 9, செவ்வாய்க்கிழமை. படத்தில் வெண்பலகை. இருபடிச் சமன்பாடு ஒன்று பாதி தீர்த்தபடி நிற்கிறது, மூலையில் திகதி. கீழே வரி இல்லை. 366 படங்களில் வரி இல்லாதது இது ஒன்றுதான். அன்று காலை அவருடைய வாப்பா மௌத்தாகியிருக்கிறார். கொழும்புக்கும் மாலேக்கும் இடையில் விமானம் ஒன்றரை மணித்தியாலம். ஆனால் தீவிலிருந்து மாலேக்கு வந்து, விமானம் பிடித்து, கொழும்பிலிருந்து ஊருக்கு பஸ் ஏறினால் கணக்கு வேறு. அஸருக்கு அடக்கம் என்று செய்தி. போய்ச் சேர வழியில்லை. "வகுப்பு இருந்திச்சு, எடுத்தன்" என்று மட்டும் சொன்னார்.

இந்தப் படத்தை நண்பர் ஒருவர் பார்த்துவிட்டு, கல்நெஞ்சு என்றார். எனக்கு அப்படிப் படவில்லை. வெளிநாட்டில் இருந்துகொண்டு பெற்றோரின் மையித்துக்கு வர முடியாமல் போனவர்கள் நமது ஊர்களில் வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள். அவர்களைப் பற்றிய நமது கதைகளிலும் கவிதைகளிலும் விமான நிலையமும் ஒப்பாரியும் உண்டு, தொலைபேசி கையிலிருந்து நழுவும் காட்சி தவறாமல் உண்டு. அன்றைய மிச்ச நாளை அவர்கள் எப்படிக் கழித்தார்கள் என்பது இல்லை. இரண்டாம் பாடவேளை, மூன்றாம் பாடவேளை, இடைவேளையில் ஒரு பிளேண்டி. அது இந்தப் பலகையில் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டால் அன்று அவர் படம் எடுத்திருக்கவே மாட்டார், பிறகு எப்போதாவது உட்கார்ந்து அழகான இரங்கல் ஒன்று எழுதியிருப்பார். அடுத்த நாள் படம் கொடியில் தொங்கும் வெள்ளைச் சேட்டு. வரி: "காஞ்சிட்டு."

பெயர் மறைப்பது பற்றி ஒரு சொல். மக்காவைப் படம் பிடித்த முதல் மக்காவாசி என்று கருதப்படும் வைத்தியர் அப்துல் கஃப்பாரின் படங்களை ஒல்லாந்து அறிஞர் ஸ்னூக் ஹுர்கிரோஞ்ஞே 1889இல் தொகுத்து வெளியிட்டபோது, பலவற்றில் அவர் இட்ட கையொப்பம் அழிக்கப்பட்டிருந்தது. கெமரா பழக்கியது ஸ்னூக்தான். அதற்காகப் பெயரைத் தின்னலாமா? அங்கே மற்றவன் அழித்தான், இங்கே தானே அழிக்கிறார். ஆசிரியர்த் தொழிலில் இருப்பவருக்கு, திரும்பவும் ஒப்பந்தத்தில் போக விரும்புகிறவருக்கு, அதற்குக் காரணம் இருக்கலாம். நான் வற்புறுத்தவில்லை. 1960களின் தொடக்கத்தில் மாலேயில் ஆங்கில மொழிமூலக் கல்வி தொடங்கிய நாளிலிருந்து இலங்கை ஆசிரியர்கள் அங்கே போய் வருகிறார்கள். அத்தனை பேரும் பார்த்ததில் நம்மிடம் என்ன இருக்கிறது என்று தேடினால், கலியாண அல்பங்களுக்கு நடுவில் செருகிய இரண்டொரு குழுப்படங்கள்தான் அகப்படும். அவற்றிலும் பெயர்கள் இல்லை.

தொகுப்பின் பலவீனமான பகுதி கடைசி மூன்று வாரம். லீவில் ஊருக்கு வந்துவிட்டார், ஆனாலும் சட்டத்தை விடவில்லை. டிசம்பர் மழை, வயல், சந்தி, பள்ளி மினாரா. முதல் நாற்பது படங்களில் தீவை எப்படிப் பார்த்தாரோ அப்படியே ஊரைப் பார்க்கிறார், வந்துபோகிறவனைப்போல. உம்மாவின் அடுப்படியில்கூட வெளிச்சத்தைத்தான் தேடியிருக்கிறார். மாசிச் சம்பல் இடித்த உரலும் வருகிறது, அதுவும் துடைத்துத் துப்புரவாக. இந்தப் பகுதியை வெட்டியிருக்கலாம் என்றேன். "வெட்டினா 366 வராதே" என்றார். கணித ஆசிரியர்.

அச்சைப் பற்றியும் சொல்லவேண்டும். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவருடைய போன் தண்ணீரில் விழுந்து, மூலப் படங்கள் அத்தனையும் போய்விட்டன. வட்ஸ்அப்பில் வந்ததை ஒரு கூட்டாளி அழிக்காமல் வைத்திருந்ததால் தப்பியது இவ்வளவும். ஆகவே படங்களின் தரம் மட்டம். நிழல்கள் கட்டியாகிக் கிடக்கின்றன, 14 படங்கள் மங்கி உரு தெரியவில்லை. லயனல் வென்ட் 1944இல் இறந்த பிறகு அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டுவிட்டன. தாளில் அச்சானவையே இன்று அவருடைய படங்களாக நமக்கு மிஞ்சியிருக்கின்றன. வென்ட்டையும் இவரையும் நான் ஒரு தட்டில் வைக்கவில்லை. தாள் தங்கும் என்பதற்காகச் சொன்னேன். ஒரு பிரதியை ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடுக்கும்படி கேட்டிருக்கிறேன். யோசிக்கிறாராம். மூன்றாவது பிரதியை அந்தத் தீவுக்குப் போகும் ஒரு ஆசிரியையின் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறார், முகத்தைப் பற்றிக் கேட்ட அந்தத் தாயிடம் சேர்க்கச் சொல்லி. போய்ச் சேர்ந்ததாக இதை எழுதும் வரை தகவல் இல்லை.