வீட்டின் விலையா, கட்டும் செலவா?

2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா சூறாவளி அமெரிக்காவில் கரையைக் கடந்தது. வெள்ளத் தடுப்புச் சுவர்கள் உடைந்ததில் நியூ ஆர்லியன்ஸ் நகரின் 80 சதவீதம் தண்ணீரில் மூழ்கியது. கூரைமேல் ஏறி நின்று கையசைத்தவர்களை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. தண்ணீர் வடிந்தபின் படிவம், மதிப்பீட்டாளர், மேல்முறையீடு என்று ஆண்டுக்கணக்கில் இழுத்த வேலையை அந்த அளவுக்கு யாரும் கவனிக்கவில்லை.

அந்த வேலையின் மையத்தில் இருந்தது, மத்திய அரசின் நிதியில் லூசியானா மாநிலம் 2006-இல் தொடங்கிய 'ரோடு ஹோம்' திட்டம். ஏறத்தாழ 1,30,000 வீட்டுக்காரர்களுக்குச் சுமார் 900 கோடி டாலர் வழங்கிய திட்டம் அது. அதன் அடிப்படை யோசனை நல்ல யோசனைதான் என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அரசே வீடு கட்டித் தந்து 'இங்கே போய் இரு' என்று சொல்லவில்லை. பழுதுபார்த்துக் குடியேறலாம், அரசுக்கு விற்றுவிட்டு மாநிலத்துக்குள் வேறிடம் வாங்கலாம், மாநிலத்தை விட்டே போகலாம் என்று முடிவை உரிமையாளரிடம் விட்டது. அதே 2006 ஜனவரியில் நகரத் திட்டக் குழு ஒன்று, சில தாழ்வான குடியிருப்புகளின்மேல் பச்சை வட்டம் போட்டு, அங்கே பூங்கா வரலாம் என்று வரைபடம் வெளியிட்டு மக்களைக் கொதிக்க வைத்திருந்தது. அதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல்.

கோளாறு கணக்கில் இருந்தது.

ஒரே அளவில் இரண்டு வீடுகள். இரண்டிலும் கூரைவரை தண்ணீர். ஊறிப்போன சுவர்ப் பலகைகளை உரித்து, மின்கம்பி மாற்றி, தரை போட்டு முடிக்க இரண்டுக்கும் தலா 1,40,000 டாலர் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று வசதியான வெள்ளையர்கள் மிகுந்த லேக்வியூவில் இருக்கிறது. சந்தை விலை 2,00,000 டாலர். மற்றது கறுப்பின மக்கள் தலைமுறைகளாக வாழும் லோயர் நைன்த் வார்டில் இருக்கிறது, விலை 70,000. புயலுக்கு முந்தைய விலை, பழுதுபார்க்கும் செலவு இரண்டில் எது குறைவோ அதுதான் மானியம், உச்சவரம்பு 1,50,000 என்பது விதி. முதலாமவர் 1,40,000 வரை பெறலாம். இந்தச் சூத்திரப்படி இரண்டாமவர் 70,000-க்கு மேல் கேட்க முடியாது. காப்பீடாக வந்ததும் இதில் கழியும். ஆணிக்கும் பலகைக்கும் கடைக்காரர் தெரு பார்த்தா விலை சொல்கிறார்?

கறுப்பினப் பகுதிகளில் வீட்டு விலை தாழ்ந்து கிடந்ததற்கு, பல பத்தாண்டுகள் வங்கிக் கடனிலும் வீட்டு விற்பனையிலும் நடந்த பாகுபாடு ஒரு முக்கியக் காரணம். அந்தப் பழைய அநீதியைச் சூத்திரம் அப்படியே நிவாரணத்துக்குள் கொண்டுவந்தது. அதை எதிர்த்து 2008-இல் வழக்கு தொடரப்பட்டது, 2011-இல் 6.2 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. 2022-இல் புரோபப்ளிகா என்ற புலனாய்வுச் செய்தி நிறுவனம் உள்ளூர் ஊடகங்களோடு சேர்ந்து கணக்குப் பார்த்தபோது, காப்பீடும் உதவியும் போக, நகரின் மிக ஏழைப் பகுதிகளில் செலவில் 30 சதவீதம் மக்கள் தலையில் விழுந்திருந்தது. வசதியான பகுதிகளில் 20 சதவீதம்.

பத்திரச் சிக்கல் தனி. தாத்தா பெயரிலேயே கிடக்கும் வீடு, பாகம் பிரிக்காத வாரிசுகள் என்பது நம்மூர்க்காரர்களுக்குப் புதிய கதை இல்லை. நியூ ஆர்லியன்ஸிலும் ஏழைக் குடும்பங்கள் பலவற்றின் நிலை அதுதான். உரிமையை நிரூபிக்க முடியாதவர்களுக்குப் பணம் தாமதமானது, அல்லது வரவே இல்லை. வாடகைக்கு இருந்தவர்கள், அதாவது நகரத்துக் குடும்பங்களில் பாதிக்கும் மேற்பட்டோர், இந்தத் திட்டத்தின் கண்ணில் படவே இல்லை எனலாம்.

வீட்டை உயர்த்திக் கட்டவென்று இதே திட்டம் தந்த 30,000 டாலர் வரையிலான மானியத்தின் கதை இன்னும் விசித்திரம். பழுதுபார்க்கவே பணம் போதாதவர்கள் அதையும் அதற்கே செலவழித்தார்கள். திட்ட அலுவலர்களே சரி என்று சொன்னதாகப் பலர் கூறினார்கள். பின்னர் மாநில அரசு சுமார் 3,500 பேர்மீது பணத்தைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட்டது, 2023-இல்தான் கைவிட்டது.

சூத்திரம் சரியாக இருந்திருந்தாலும் ஒரு குறை எஞ்சியிருக்கும். பணம் வீடு வீடாகப் போனது. ஆனால் பள்ளி, கடை, மருத்துவமனை இல்லாத தெருவுக்கு ஒற்றைக் குடும்பம் திரும்பி என்ன செய்யும்? நகரின் கிழக்கு விளிம்பில், வியட்நாமிலிருந்து அகதிகளாக வந்த மக்கள் வாழும் வில்லேஜ் டி லெஸ்ட் இதற்கு வேறு வழி கண்டது. அங்கே மக்களை ஒன்றுதிரட்டியது தேவாலயம். வீடு திரும்புவோரின் பெயர்ப் பட்டியலைக் காட்டி, 'வாடிக்கையாளர்கள் வந்துவிட்டார்கள், இணைப்பைக் கொடுங்கள்' என்று பங்குத்தந்தை மின்நிறுவனத்தைக் கேட்டார். மக்கள் சேர்ந்து வந்ததால் கடைகளும் சேர்ந்து திறந்தன.

இதையே எல்லா ஊருக்கும் மருந்தாகச் சொல்வதும் ஏமாற்று. அப்படியொரு தேவாலயமும் அகதி வாழ்க்கை தந்த பழக்கமும் எல்லாத் தெருவிலும் இல்லை. தனியார் கொடை அந்த இடத்தை நிரப்பும் என்றால், நடிகர் பிராட் பிட்டின் அமைப்பு லோயர் நைன்த் வார்டில் கட்டிய 109 வீடுகளைப் பார்க்கலாம். பெயர்பெற்ற கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்த அந்த வீடுகள் சில ஆண்டுகளிலேயே ஒழுகி, மரம் அழுகி, குடியிருந்தவர்கள் நீதிமன்றம் போனார்கள்.

லூசியானா ஓரளவு திருந்தியிருக்கிறது. 2016 வெள்ளத்துக்குப் பின் வந்த திட்டத்தில் பழுதுபார்க்கும் செலவுதான் அளவுகோல். ஆனால் மீள்கட்டுமானத்துக்கு மத்திய அரசு தரும் நீண்டகால நிதிக்கு நிரந்தரச் சட்டம் இல்லை. பேரிடருக்குப் பேரிடர் நாடாளுமன்றம் தனியாக ஒதுக்க வேண்டும். 2020 ஆகஸ்ட்டில் லூசியானாவின் லேக் சார்ல்ஸ் நகரை லாரா சூறாவளி உலுக்கியது. அதற்கான நிதி ஒதுக்கீடு 2021 செப்டம்பரில்தான் நிறைவேறியது.