'சோய் கூபா'வின் வெண்ணிறக் கரும்பு: அகச்சிவப்புப் படச்சுருளும் பார்வையின் இடமும்

மிகயீல் கலாத்தோசொவ் இயக்கிய 'சோய் கூபா' (1964), சோவியத் ஒன்றியமும் கியூபாவும் இணைந்து உருவாக்கிய கறுப்பு வெள்ளைத் திரைப்படமாகும். ஒளிப்பதிவாளர் செர்கேய் உருசெவ்ஸ்கி இதன் சில பகுதிகளை அகச்சிவப்புக் கதிரை உணரும் படச்சுருளில் பதிவுசெய்தார். வெளிவந்த காலத்தில் இப்படம் கியூபரை அச்சில் வார்த்தாற்போலக் காட்டுகிறது என ஹவானாவிலும், புரட்சி உணர்வு போதாதது என மாஸ்கோவிலும் குறைகூறப்பட்டது. 1990களில் மீண்டும் திரையிடப்பட்டபோது ஒளிப்பதிவுச் சாதனையாகப் போற்றப்பட்டது. அன்றைய மறுப்பும் பிந்தைய வியப்பும் ஒரு வினாவை எழுப்பவில்லை: இந்த அகச்சிவப்புக் காட்சிகள் யாருடைய பார்வை?

உயிருள்ள இலையின் பச்சையம் அண்மை அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சுவதில்லை. இலையின் உட்திசு அதனைச் சிதறடித்துத் திருப்பி அனுப்புகிறது. ஆகவே தழைகள் வெண்மையாகப் பதிவாகின்றன. தெளிந்த வானம் அக்கதிரை மிகக் குறைவாகவே சிதறடிப்பதால் நண்பகலிலும் கருமை கொள்கிறது. உண்மைத் தழையையும் பச்சை வண்ணம் பூசிய மறைப்பையும் வேறுபடுத்திக் காட்டவல்லது என்பதால் இப்படச்சுருள் இராணுவ வேவுக்குப் பயன்பட்டது. உருசெவ்ஸ்கிக்கும் இது சோவியத் இராணுவத்தின் வழியே கிடைத்தது.

படத்தின் தொடக்கத்தில் கேமரா வானிலிருந்து வெண்பனைகளின் மேல் மிதந்து வருகிறது. பின்னணிக் குரலில் கியூபாவே பேசுகிறது. கொலம்பஸின் வருகையை நினைவுகூர்கிறது. எனினும் நாம் காண்பது வந்திறங்குபவரின் கண்வழியே தெரியும் தீவு. குரல் மண்ணுக்குரியது, பார்வை அயலாருக்குரியது. ஹவானாவின் குறைகூறல் இவ்விடத்திற்குப் பொருந்துவதே.

குத்தகை உழவர் பெத்ரோவின் பகுதியில் இந்நிலை மாறுகிறது. இங்கே கேமரா கரும்புக்குள் இறங்கி, வெட்டுபவரின் தோளுயரத்தில் நிற்கிறது. நிலம் யுனைட்டட் ஃப்ரூட் நிறுவனத்துக்கு விற்கப்பட்டதை அறிந்த அவர், பிள்ளைகளை ஊருக்கு அனுப்பிவிட்டுப் பயிருக்கும் குடிசைக்கும் தீ வைக்கிறார். ஒளிர்ந்த வெண்மையைக் கரும்புகை மூடுகிறது. முன்னர்க் கண்ட ஒளி வெறும் அலங்காரமாக இருந்திருப்பின் இவ்வெரிப்பு நிகழ்ச்சியாக மட்டுமே நின்றிருக்கும். அவ்வொளி அவருடைய உழைப்பின் மதிப்பாகக் காட்டப்பட்டதால், எரிவது இன்னதென்று பார்வையாளர் உணர்கிறார்.

ஆகவே அகச்சிவப்புப் படச்சுருளுக்குத் தன்னளவில் அறச்சார்பு இல்லை. உயரத்திலிருந்து நோக்குங்கால் அது நிலத்தைக் காட்சிப்பொருளாக்குகிறது. உழைப்பவரின் அருகே நிற்குங்கால் அவரது இழப்பை அளந்து காட்டுகிறது. உருசெவ்ஸ்கியின் ஒளிப்பதிவை முழுமையாக ஏற்பதும் முழுமையாக மறுப்பதும் இவ்வேறுபாட்டைக் காணத் தவறுகின்றன.