விண்டோஸ் எக்ஸ்பி தீச்சுவர்: ஒரு மதிப்பீடு

2001இல் வெளியான விண்டோஸ் எக்ஸ்பியில் தொடக்கத்திலேயே தீச்சுவர் இருந்தது. ஆனால் அது இயல்பாக முடக்கப்பட்டிருந்தது; அதை இயக்கும் தெரிவும் பிணைய இணைப்பின் பண்புகளுக்குள் மறைந்து கிடந்தது. 2003 ஆகஸ்ட்டில் 135ஆம் போர்ட் வழியே பரவிய பிளாஸ்டர் புழுவை, அந்தத் தெரிவை இயக்கியிருந்தாலே தடுத்திருக்கலாம்.

2004இல் வந்த சர்வீஸ் பேக் 2 தீச்சுவரை இயல்பாகவே இயக்கியது. கட்டுப்பாட்டுப் பலகத்தில் தனி இடமும் விதிவிலக்குப் பட்டியலும் தந்தது. ஆயினும் அது உள்வரும் போக்குவரத்தை மட்டுமே வடிகட்டியது. உள்ளே புகுந்துவிட்ட தீநிரல் தரவுகளை வெளியே அனுப்புவதைத் தடுக்கவில்லை. அதற்கான விதிகள் விஸ்டாவில்தான் வந்தன. நிர்வாகி உரிமையுடன் இயங்கும் நிரல், விதிவிலக்குப் பட்டியலில் தன்னையே சேர்த்துக்கொள்ளவும் முடிந்தது. எக்ஸ்பி பயனர் பலர் நிர்வாகிக் கணக்கையே அன்றாடம் பயன்படுத்தியதால் இக்குறை பெரிதானது.

பாதுகாப்பு வசதி இருந்தால் மட்டும் போதாது. பயனர் தேடிப்போகாமலே அது இயங்க வேண்டும். இதை எக்ஸ்பி மூன்றாண்டு தாமதமாகவே நிறைவேற்றியது.